கை ஓங்கினாலே கேஸா, அடி விழுந்தால்தான் கேஸா?

கேள்வியின் சாரம் இது. ஏற்காடு அடிவாரத்தில் ஒரு டீக்கடை வாசலில் வண்டி நிறுத்துவதில் தகராறு. எதிராளி தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றி, ஓங்கிக்கொண்டு உங்கள் அப்பாவை நோக்கி வந்திருக்கிறார். டீக்கடைக்காரர் குறுக்கே புகுந்து பிடித்துவிட்டார். அடி விழவில்லை. ஸ்டேஷனுக்குப் போனால் "அடியே படலையே, அப்புறம் என்ன கேஸ்?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். கலிஃபோர்னியாவில் இருக்கும் உங்கள் தம்பியோ "இது அசால்ட், பேட்டரி கிடையாது" என்று வாட்ஸப்பில் சொல்கிறார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம், அது நம் ஊரில் செல்லுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தம்பி சொன்னது அந்த ஊருக்குச் சரி. ஸ்டேஷனில் சொன்னது பாதிதான் சரி. அடி படாவிட்டாலும் அது குற்றம்தான். 1860இல் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்திலேயே அது குற்றம். ஆனால் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட்டு விசாரிக்கக்கூடிய வகைக் குற்றம் அல்ல. குற்றமா என்பது ஒரு கேள்வி, போலீஸ் கையில் எடுக்குமா என்பது வேறு கேள்வி. சேலம் அஸ்தம்பட்டி கோர்ட்டில் அடிதடி வழக்குகளோடு பல வருடம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த இரண்டையும் கலந்து பேசுவதால்தான் பாதிக் குழப்பம்.

மீதிக் குழப்பம் வார்த்தைகளால் வருவது. நம் பேச்சில் "அசால்ட்டா பண்ணிட்டான்" என்றால் அலட்டிக்கொள்ளாமல் செய்து முடித்தான் என்று அர்த்தம். பேட்டரி என்றால் இன்வெர்ட்டரோடு இருப்பது. செய்தித்தாள் தமிழும் உதவாது. "வாலிபர் மீது தாக்குதல்" என்று போட்டால் அடி விழுந்துவிட்டது என்றுதான் நாம் படிக்கிறோம். அசால்ட் என்ற சட்டச் சொல்லையும் பலர் "தாக்குதல்" என்றே தமிழாக்கிவிடுகிறார்கள். விளைவு, அடி படாதவர் "என்னைத் தாக்கினார்" என்று புகார் எழுதுகிறார், காயம் எங்கே என்று கேட்கிறார்கள், இவர் முழிக்கிறார். நான் "தாக்க முனைதல்" என்று எழுதுவேன். "கை ஓங்கினார்" என்பது அதைவிட நேரானது.

இங்கிலாந்தின் பழைய வழக்குச் சட்டத்தில் கோடு தெளிவாக இருக்கிறது. இப்போதே அடி விழப்போகிறது என்று எதிரில் இருப்பவரை நினைக்க வைத்தால் அசால்ட். சம்மதமில்லாமல் மேலே கை வைத்தால் பேட்டரி. பேட்டரிக்கு வலியோ காயமோ தேவையில்லை. கோபத்தில் லேசாகத் தொட்டாலே போதும் என்று 1704இல் கோல் எதிர் டர்னர் வழக்கில் சொல்லிவிட்டார்கள். பெரும்பாலும் முதலில் ஓங்கல், அப்புறம் அடி என்று இரண்டும் ஜோடியாக வரும். அதனால்தான் அமெரிக்கத் தொடர்களில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். ஆனால் தனித்தனியாகவும் வரும். பின்னாலிருந்து ஒருவன் பிடரியில் ஒன்று வைத்தால், பயப்படவே நேரமில்லை. அது பேட்டரி மட்டும். உங்கள் அப்பாவுக்கு நடந்தது நேர் எதிர். பயம் உண்டு, அடி இல்லை.

உங்கள் கதைக்கு அச்சாக ஒரு பழைய இங்கிலாந்து வழக்கு இருக்கிறது. 1830, ஸ்டீவன்ஸ் எதிர் மையர்ஸ். ஊர்ச்சபைக் கூட்டம் ஒன்றில் ஒருவர் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தார். வெளியே அனுப்பிவிடலாம் என்று சபை முடிவெடுத்தது. "நான் வெளியே போறதுக்கு முன்னாடி தலைவரை நாற்காலியிலிருந்து இழுத்துப் போடுவேன்" என்ற தொனியில் பேசியபடி முஷ்டியை மடக்கிக்கொண்டு தலைவரை நோக்கி வந்தார். தலைவருக்குப் பக்கத்தில் இருந்த சர்ச் நிர்வாகி ஒருவர் தடுத்து நிறுத்திவிட்டார். கை எட்டும் தூரத்துக்கே அவர் வரவில்லை, பிறகு என்ன அசால்ட் என்று வாதாடிப் பார்த்தார்கள். தடுக்காமல் விட்டிருந்தால் அடுத்த நொடியே அடி விழுந்திருக்குமா என்பதுதான் கேள்வி என்றார் நீதிபதி. அசால்ட் என்றே தீர்ப்பானது. நஷ்டஈடு எவ்வளவு தெரியுமா? ஒரு ஷில்லிங். உங்கள் டீக்கடைக்காரர் செய்தது அந்த சர்ச் நிர்வாகியின் வேலை. தடுத்தவர் இருந்தார் என்பதால் குற்றம் கரைந்துவிடாது.

இதற்கு மறுபக்கம் 1669இல் வந்த டியூபர்வில் எதிர் சாவேஜ். ஒருவர் வாளின் பிடியில் கை வைத்தபடி, "நீதிபதிகள் ஊரில் இல்லாமல் இருந்திருந்தால் உன் பேச்சைப் பொறுத்திருக்க மாட்டேன்" என்கிறார். நீதிபதிகளோ ஊரில்தான் இருக்கிறார்கள். அப்படியென்றால் அடிக்கப் போவதில்லை என்று அவரே சொல்கிறார். எனவே அசால்ட் இல்லை என்றது கோர்ட். நம் வீட்டுப் பஞ்சாயத்துகளில் இதைத் தினமும் கேட்கலாம்: "தங்கச்சி புருஷனாப் போயிட்ட, இல்லைன்னா நடக்கிறதே வேற." கையை ஓங்கிக்கொண்டே சொன்னாலும் வாய் அந்தக் கையைக் கீழே இறக்கிவிடுகிறது. இந்த ஒரு வாக்கியம் தங்கள் கட்சிக்காரரைக் காப்பாற்றிவிடும் என்று பல மச்சினர்களின் வக்கீல்களுக்குத் தெரிவதில்லை.

சரி, இனி நம் சட்டம். இங்கே பேட்டரி என்ற பெயரில் குற்றமே கிடையாது. 1860 சட்டத்திலும் இல்லை, அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இல்லை. இங்கிலாந்தில் இரண்டு படி என்றால் இங்கே மூன்று. கை ஓங்குவது முதல் படி. குற்றமாகும் பலப்பிரயோகம் இரண்டாவது. காயம் மூன்றாவது. பேட்டரியை வெட்டி இரண்டாவது படிக்கும் மூன்றாவது படிக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டாவது படிதான் எனக்குப் பிடித்தது. ஏற்காடு ஏரியில் படகுத்துறையை நினைத்துக்கொள்ளுங்கள். அத்தை படகில் உட்கார்ந்தாயிற்று. கயிறு கட்டியபடி இருக்கிறது, துடுப்பு போடுகிறவர் இன்னும் ஏறவில்லை. விளையாட்டுப் புத்திக்காரர் ஒருவர் கயிற்றை அவிழ்த்துக் காலால் ஓர் உந்து உந்துகிறார். படகு நகர்கிறது, அத்தை அலறுகிறார். இவர் அத்தையின் விரலைக்கூடத் தொடவில்லை. இங்கிலாந்துப் பேட்டரிக்குள் இது அவ்வளவு எளிதில் அடங்காது. நம் சட்டத்தில் கச்சிதமாக அடங்கும், ஏனென்றால் சட்டப் புத்தகமே சொல்லும் உதாரணம் இது. கரையில் கட்டிய படகில் ஒருவர் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் கட்டை அவிழ்த்து ஆற்றோடு போக விடுகிறார். ஆறுக்குப் பதில் ஏரி, அவ்வளவுதான். 1860 சட்டத்தில் இதற்கு அடுத்த உதாரணங்கள் தேர்க் குதிரையைச் சவுக்கால் அடித்து ஓட்டுவதும் பல்லக்கின் தண்டைப் பிடித்து நிறுத்துவதும்.

சன்ஹிதாவின் 128ஆம் பிரிவு பலம் என்றால் என்ன என்று சொல்கிறது: ஒருவரை நகர வைப்பது, நகர்கிறவரின் போக்கை மாற்றுவது, நிறுத்துவது, அல்லது ஒரு பொருளை அவர்மேலோ அவர் உடுத்தியிருப்பது, கையில் வைத்திருப்பது மேலோ பட வைப்பது. சொந்தக் கையால் செய்தாலும் ஒன்று, படகுக் கயிற்றை அவிழ்ப்பதுபோல் பொருளை வைத்துச் செய்தாலும் ஒன்று, நாயை ஏவிவிட்டாலும் ஒன்று. 129ஆம் பிரிவு இதையே குற்றமாக்குகிறது. அவர் சம்மதம் இல்லை, வேண்டுமென்றே செய்தது, காயமோ பயமோ எரிச்சலோ வரும் என்று தெரிந்தே செய்தது. எரிச்சல் போதும் என்பதைக் கவனியுங்கள். கையிலிருக்கும் செல்போனைத் தட்டிவிடுவது, தோளில் கிடக்கும் துண்டைப் பிடித்து இழுப்பது, முகத்தில் துப்புவது எல்லாம் இதற்குள் வந்துவிடும். மலைமேல் குரங்கு உங்கள் பொரிகடலைப் பொட்டலத்தைப் பிடுங்கினால் சட்டம் கண்டுகொள்ளாது. அதை ஒருவர் பழக்கி ஏவிவிட்டார் என்றால் ஏவியவர்மேல் கேஸ்.

அதற்காக ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு பஸ்ஸில் இடிபடுவதற்கெல்லாம் கேஸ் கிடையாது. சாதாரண அறிவுள்ள யாரும் குறை சொல்லாத அளவு அற்பத் தீங்கு குற்றமாகாது என்று 33ஆம் பிரிவு சொல்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவிலும் பக்கத்தில் நிற்பவர் நம்மேல் சாயத்தான் செய்வார்.

இனி உங்கள் அப்பாவின் படி, 130ஆம் பிரிவு. சைகையோ ஆயத்தமோ வேண்டும். எதிரே இருப்பவர், இதோ நம்மேல் பலம் பிரயோகிக்கப் போகிறான் என்று அஞ்ச வேண்டும். அப்படி அஞ்சுவார் என்று செய்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முஷ்டியை ஆட்டுவது, கடிநாயின் வாய்ப்பூட்டைக் கழற்றத் தொடங்குவது, தடியைக் கையில் எடுத்து "இப்ப வாங்கப் போற" என்பது, இந்த மூன்றும் சட்டம் சொல்லும் உதாரணங்கள். அதோடு ஒரு விளக்கம்: வெறும் வார்த்தை மட்டும் தாக்க முனைதல் ஆகாது. ஆனால் செய்கைக்கு அர்த்தம் கொடுப்பது வார்த்தைதான். ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றுவது டீ குடிக்கவும் இருக்கலாம். கழற்றிவிட்டு என்ன சொன்னார், எந்தத் திசையில் எத்தனை அடி வைத்தார் என்பதுதான் வழக்கு.

எதிரே இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். போனில் "நேர்ல வா, காலை உடைக்கிறேன்" என்றால் அது இந்தப் பிரிவு அல்ல, மிரட்டல், 351ஆம் பிரிவு. இங்கிலாந்தில் இந்த இடத்தில் சட்டம் வேறு பக்கம் நகர்ந்துவிட்டது. பெண்களுக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்து எதுவும் பேசாமல் இருந்தவர் வழக்கில், மௌனமே அசால்ட் ஆகலாம் என்று அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1997இல் தீர்ப்பளித்தது. நம் சட்டத்தின் வாசகம் அதற்கு இடம் கொடுக்காது.

கை ஓங்கினாலும் பலம் பிரயோகித்தாலும் தண்டனை ஒன்றுதான், 131ஆம் பிரிவு: மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் ஐந்நூறு ரூபாயாக இருந்தது. யார்மேல் கை ஓங்கினாரோ அவரே திடீரென்று கடுமையாகச் சீண்டிவிட்டார் என்றால் 136ஆம் பிரிவுக்கு இறங்கி ஒரு மாதம்தான்.

வலி வந்துவிட்டால் மூன்றாவது படி. ஒரே ஓர் அறை, தடம்கூட இல்லை என்றாலும் வலித்தால் அது காயம்தான். 115இன் இரண்டாம் உட்பிரிவு, ஒரு வருடம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எலும்போ பல்லோ உடைந்தால் கொடுங்காயம், ஏழு வருடம் வரை. பல்லைக் கணக்கில் எடுக்காமல் ஏமாந்தவர்கள் நிறைய. ஆட்டம் கண்டிருந்த பல்லா, அடியில் உடைந்த பல்லா என்று பல் டாக்டரைக் கூண்டில் ஏற்றி அரை நாள் கேள்வி கேட்பதைப் பார்த்திருக்கிறேன். எலும்பு உடையாவிட்டாலும், கடும் வலியோடு அல்லது தன் அன்றாட வேலையைச் செய்ய முடியாமல் பதினைந்து நாள் கிடந்தால் அதுவும் கொடுங்காயம். பழைய சட்டத்தில் இது இருபது நாள்.

இப்போது நடைமுறைக்கு வருகிறேன், உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது இதுதான். 131ஆம் பிரிவும் 115(2)ஆம் பிரிவும் போலீஸ் நேரடியாக விசாரிக்கக்கூடாத குற்றங்கள். மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். ஸ்டேஷனில் புகாரைப் பதிந்துகொண்டு உங்களை மாஜிஸ்திரேட்டிடம் போகச் சொல்ல வேண்டும். இப்படிப் பதிந்தவற்றை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பவும் வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டம் சொல்கிறது. ஆகவே "கேஸே இல்லை" என்று வாயால் சொல்லி அனுப்புவது தவறு. புகாரை எழுத்தில் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள்.

தமிழ்நாட்டு எஃப்.ஐ.ஆர். நாலு படித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். சின்ன அடிதடி எதுவானாலும் "294(பி), 323, 506(1)" என்று மூன்று பிரிவுகளும் ரயில் பெட்டிபோல் சேர்ந்தே வரும். இப்போது அதே பெட்டிகள் 296(பி), 115(2), 351(2) என்று எண் மாறி ஓடுகின்றன. முதல் பெட்டி பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியது. திட்டாமல் யாராவது அடிப்பார்களா என்பது உண்மைதான், ஆனால் காரணம் அது மட்டுமல்ல. ஆபாசப் பேச்சு போலீஸ் நேரடியாக எடுக்கக்கூடிய குற்றம். ஒரு வழக்கில் அப்படிப்பட்ட குற்றம் ஒன்று இருந்துவிட்டால் மொத்த வழக்கையும் போலீஸ் விசாரிக்கலாம். இஞ்சின் அதுதான், மற்றவை பின்னால் வருகிற பெட்டிகள். இதைத் தெரிந்துகொண்டு பேசாத பேச்சைப் பேசியதாக எழுதிவிடாதீர்கள். எல்லாப் புகாரிலும் ஒரே கெட்ட வார்த்தை இருப்பதைப் பார்த்துப் பார்த்து மாஜிஸ்திரேட்டுகளுக்கே அலுத்துவிட்டது. அப்பாவின் வண்டியை நகர விடாமல் எதிராளி உண்மையிலேயே மறித்து நின்றாரா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். மறித்திருந்தால் அது 126ஆம் பிரிவு, அதையும் போலீஸ் நேரடியாக எடுக்கலாம்.

அடி பட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை, ஏனென்றால் வழக்கு தோற்பது பெரும்பாலும் இங்கேதான். ஜி.ஹெச்.சில் போனதும் டியூட்டி டாக்டர் கேட்பார்: எப்போது, எங்கே, எத்தனை பேர், எதால்? நீங்கள் சொல்வதை அப்படியே ஏ.ஆர். காப்பியில், அதாவது அடிபட்டு வருகிறவர்களுக்கான ஆஸ்பத்திரிப் பதிவில், எழுதிவிடுவார். வலியில் "ரெண்டு பேர், கையால்" என்று சொல்லியிருப்பீர்கள். மறுநாள் சொந்தக்காரர்கள் கூடி உட்கார்ந்து எழுதிய புகாரில் ஐந்து பேர், உருட்டுக்கட்டை என்று இருக்கும். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறைத் தகராறு ஒன்றில் எதிர்த்தரப்புக்காக நான் ஆஜரானேன். அடிபட்டவருக்கு உண்மையிலேயே நல்ல அடி. ஆனால் ஏ.ஆர். காப்பியில் "தெரிந்த ஒரு நபர்", எஃப்.ஐ.ஆரில் நாலு பேர். அந்த ஒரு தாளைக் காட்டித்தான் மூன்று பேரை வெளியே கொண்டுவந்தேன். மூன்று பேரில் ஒருவர் அந்த நேரத்தில் செவ்வாய்ப்பேட்டையிலேயே இல்லை என்பது எனக்கும் தெரியும், அவரைச் சேர்த்தவர்களுக்கும் தெரியும்.

எதிராளி கை ஓங்கியதும் அப்பா பிடித்துத் தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியும் வரும். தற்காப்பு உரிமை அடி விழுந்த பிறகுதான் தொடங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, ஆபத்து வருகிறது என்ற நியாயமான அச்சம் வந்த உடனே தொடங்கிவிடும். தடுக்கத் தேவையான அளவு தள்ளலாம். பிடித்த பிறகு, கீழே விழுந்தவரை மிதித்தால் அது தற்காப்பு அல்ல, தனி வழக்கு.

ஆள் யார் என்பதைப் பொறுத்தும் இதே கை ஓங்கல் வேறு பிரிவுக்குத் தாவும். அரசு பஸ் கண்டக்டர் டிக்கெட் கேட்கும்போது சட்டையைப் பிடித்தால் 131 இல்லை, 132: இரண்டு வருடம் வரை, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது. பெண்ணின் மானத்துக்குக் கேடு செய்யும் எண்ணத்தோடு என்றால் 74. எஸ்டேட்டில் மேஸ்திரி ஒருவர் மலையாளி பழங்குடித் தொழிலாளியைச் சாதி சொல்லித் திட்டிக் கை ஓங்கினால், மேஸ்திரி பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாதவராக இருக்கும் பட்சத்தில், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்துவிடும். அங்கே முன்ஜாமீன் கதவே சாத்தியிருக்கும்.

தம்பிக்கு: கலிஃபோர்னியாவில் அசால்ட்டும் பேட்டரியும் தனித்தனிப் பிரிவுகள், அவர் சொன்னது சரி. ஆனால் அங்கே அசால்ட் என்பது காயப்படுத்தச் செய்யும் முயற்சி, அதைச் செய்து முடிக்கும் திறனும் அந்த நேரத்தில் இருக்க வேண்டும். நம் சட்டம் எதிரே நிற்பவரின் அச்சத்தைப் பார்க்கிறது. அவரே நியூயார்க்குக்குக் குடிபோனால் எல்லாம் தலைகீழ். அங்கே காயம் உண்டானால்தான் அசால்ட். பேட்டரி என்ற குற்றமே இல்லை. வாட்ஸப்பில் சட்டம் சொல்லும்போது எந்த மாநிலம் என்று சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இங்கிலாந்துக் கோட்பாடு அப்படியே நம்மிடம் உயிரோடு இருப்பது சிவில் பக்கம். நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டால் அசால்ட், பேட்டரி என்ற அதே பெயர்களில் வாதாடலாம். உங்கள் விஷயத்தில் அது வேண்டாம். ஷில்லிங் கதையை ஏற்கெனவே சொன்னேன்.

ஆகவே அப்பா செய்ய வேண்டியது: புகாரைத் திருத்தி எழுதுங்கள். "தாக்கினார்" என்ற சொல்லை எடுத்துவிட்டு, எந்தத் தேதி, எத்தனை மணி, ஹெல்மெட் எந்தக் கையில், எவ்வளவு தூரத்தில், என்ன சொன்னார், யார் பிடித்தது என்று எழுதுங்கள். சி.எஸ்.ஆர். வாங்குங்கள். அதற்கு மேலும் போக வேண்டும் என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தனிப்புகார் போடலாம். சம்பவ நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். இப்போதைய நடைமுறையில் வழக்கைக் கோப்பில் எடுக்கும் முன்பே எதிராளியையும் கேட்பார்கள். அந்தக் கட்டத்திலேயே பாதி வழக்குகள் ராஜியாகிவிடுகின்றன, 131ஐ ராஜி செய்துகொள்ளச் சட்டமும் அனுமதிக்கிறது. என்னைக் கேட்டால் எழுத்தில் ஒரு மன்னிப்பு வாங்கிக்கொண்டு முடிப்பதே நல்லது. அடிவாரத்தில் நாளைக்கும் அதே டீக்கடையில்தான் இரண்டு பேரும் நிற்கப் போகிறார்கள்.

எதுவானாலும் அந்தக் கடையில் கேமரா இருக்கிறதா என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள். அந்தப் பெட்டிகள் சில நாளில் பழைய பதிவின்மேலேயே புதியதைப் பதிந்துவிடும். பதிவு இருந்தால் பென்டிரைவில் வாங்கும்போதே, எலக்ட்ரானிக் சாட்சியத்துக்காகப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழில் கடைக்காரரிடம் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள்.